செல்லாயியைச் சாகடித்த தீர்ப்பு

பேய்ப் படம் என்றால் கடைசியில் ஒரு சாமியார் வருவார். சிரிப்புப் படம் என்றால் கல்யாண மண்டபத்தில் எல்லாரும் எல்லாரையும் துரத்துவார்கள். அடிதடிப் படம் துறைமுகத்துக் கிடங்கில் முடியும். காதல் படத்துக்கு ஒரு ரயில் நிலையமோ விமான நிலையமோ வேண்டும். அம்மா படம் என்றால் அம்மா சாக வேண்டும். பத்தொன்பது வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் 'திரைத் தீர்ப்பு' என்ற பத்தியை எழுதி நான் கற்றுக்கொண்டது மொத்தமும் இவ்வளவுதான். இத்தனை முடிவுகளையும் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

என் பெயர் வீரய்யா. கண்டி மாநகர சபையில் கிளார்க் வேலை, ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். வீடு மடுல்கெல்லவில், தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கீழே. கண்டியிலிருந்து எங்கள் பக்கத்துக்குக் கடைசி பஸ் மாலை ஐந்து மணிக்கு. அதை விட்டால் வத்தேகம வரைதான் பஸ். அதற்குமேல் த்ரீவீல் பிடித்தால், அந்த வாரம் எழுதியதற்குப் பத்திரிகை தருவது அதற்கே சரியாகப் போய்விடும். தமிழ்ப் படங்களைக் கண்டியில் வழக்கமாக இரண்டரைக்கும் ஆறரைக்கும்தான் போடுகிறார்கள். விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்து இரண்டரைக் காட்சி முடிய ஐந்தேகால் ஆகும். சனிக்கிழமைகளில் நான் நாலே முக்காலுக்கு எழுந்துவிடுவேன்.

மிச்ச அரை மணி நேரத்தைத் தருவது பக்கத்து மேசைத் திவாகரன். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். சனிக்கிழமை ஆறரைக் காட்சி பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பத்து மணித் தேநீரோடு முடிவைச் சொல்வார். புதன்கிழமை நான் எழுதி அனுப்புவேன், ஞாயிற்றுக்கிழமை அச்சில் வரும். பார்த்த இரண்டேகால் மணி நேரத்தை நாலு வரியில் முடித்துவிட்டு, பார்க்காத அரை மணியை விரிவாக எழுதுவது என் வழக்கம். மடியில் கனம் இருப்பவன் அப்படித்தான் எழுதுவான். முடிவைச் சொல்லிப் படத்தைக் கெடுக்கிறான் என்று கொழும்பு வாசகர்கள் சிலர் கடிதம் போட்டார்கள். ஆசிரியர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மலைநாட்டில் அந்தப் பத்திக்காகவே பேப்பர் வாங்குகிறார்கள் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கேட்க எனக்குச் சலிப்பாக இருந்தது. ஆரம்பத்தில் நான் இப்படி இல்லை. நல்ல படத்தை நல்ல படம் என்று சொல்ல வேண்டும், கெட்ட படத்துக்கு ஏன் கெட்டது என்று காரணம் காட்ட வேண்டும் என்றெல்லாம் நினைத்து எழுதினேன். பத்தியின் அடியில் ஒரு பெட்டி போட்டு அதற்குள் ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் கேட்டதிலிருந்து எல்லாம் சுலபமாகிப் போனது. பேய்ப் படமா? 'பேய்க்கு விடுதலை, பார்த்தவருக்குக் கடூழியச் சிறை.' அடிதடியா? 'அடித்தவருக்கும் வலி, வாங்கியவருக்கும் வலி, டிக்கட் எடுத்தவருக்கு இரட்டிப்பு வலி.' வாசகர்கள் சிரித்தார்கள். நானும் வேறு எதற்கும் மெனக்கெடவில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் போடுவதை மனசு எழுதி முடித்திருக்கும், கண் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் நிலூஷாவின் படம் வந்தது.

நிலூஷா எங்கள் தோட்டத்தில் அடுத்த டிவிசன் பெண். முப்பது வயது இருக்காது. கண்டியில் கல்யாண வீடியோ எடுக்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, நாலு வருஷமாக, லீவு கிடைத்த நாட்களில் எல்லாம் தோட்டத்து ஆட்களை வைத்து ஒரு முழுநீளப் படம் எடுத்திருந்தாள். 'செல்லாயியின் கதவு' என்று பெயர். செல்லாயியாக நடித்தது அவள் டிவிசனில் கொழுந்து எடுக்கிற நல்லம்மா. தியேட்டர் முதலாளி ஸிபான் இரண்டு வாரத்துக்கு இரண்டரைக் காட்சியை மட்டும் கொடுத்திருந்தார்.

முதல் சனிக்கிழமை நான் போனபோது அவள் வாசலிலேயே நின்றாள்.

"சேர், ஒரு நிமிசம். பேப்பர்ல நல்லபடியா வந்தா மூணாவது கெழம காலையில பத்தரை ஷோ தாறேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. பத்தரைன்னா நம்ம தோட்டத்து ஆளுக வந்து நிம்மதியாப் பாத்துட்டுப் போவாங்க."

"படம் நல்லா இருந்தா நல்லபடியா வரும்மா," என்றேன். இதே வசனத்தை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

படம் நன்றாக இருந்ததா என்று கேட்டால், பாதிக்குப் பாதி. ஒலி சரியில்லை. காற்று அடித்தால் வசனம் கேட்கவில்லை. தேவையில்லாமல் ஒரு பாட்டு. ஆனால் நல்லம்மா திரையில் வந்து நின்றால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. செல்லாயி விதவை. வரிசைக் குடியிருப்பான லயத்தில் அவளுடைய வீட்டுக் கதவு உளுத்துப்போய்விட்டது. தோட்டம் மாற்றித் தராது. சேவைக்காலப் பணம் வந்ததும் முதல் வேலையாகக் கம்பளைக்குப் போய் ஒரு பலாமரக் கதவு வாங்கி வருகிறாள். லயத்து வாசல் நிலைக்கு அது பொருந்தவில்லை. கயிற்றால் கட்டி வைத்திருக்கிறாள். கொழும்புப் புடைவைக் கடையில் இருக்கும் மகன் எப்போதாவது வந்து, கதவை விற்றுவிட்டு என்னோடு வா என்கிறான். பிறகு அவள் காய்ச்சலில் படுக்கிறாள். மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறான். நல்லம்மா மெல்லக் கண்ணை மூடினாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலே முக்கால்.

என்னோடு இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருட்டில் எழுந்தார்கள். எல்லாம் எங்கள் பக்கத்து முகங்கள். ஒரே பஸ்ஸில்தான் ஏறினோம். கட்டுகஸ்தோட்டை தாண்டும்போதே நான் தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை திவாகரனின் கதிரை காலியாக இருந்தது. போன் பண்ணினேன்.

"நான் ஊரில நிக்கிறன் அண்ணை," என்றார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "மருமகளின்ட கலியாணம். வாற கிழமைதான் வாறன். படமோ? இல்லை, போகேல்லை."

புதன்கிழமை வந்துவிட்டது. ஆசிரியர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஸிபானுக்கு ஒரு போன் போட்டு, 'தம்பி, முடிவு என்ன?' என்று கேட்டிருக்கலாம். பத்தொன்பது வருஷம் அவர் கொடுத்த இலவச டிக்கட்டில் படம் பார்த்துவிட்டு அப்படிக் கேட்க வெட்கமாக இருந்தது. அதோடு, கேட்கத்தான் என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. கிழவி காய்ச்சலில் படுத்துவிட்டாள். கண்ணை மூடிவிட்டாள். மகன் பக்கத்தில் இருக்கிறான். அம்மா படம். எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லை.

'செல்லாயியின் மரணத்தோடு படம் முடிகிறது. அவள் ஆசையாக வாங்கிய கதவே அவளுக்குப் பாடையாகிறது. மகன் கதறுகிறான். நாமும் கதற வேண்டும் என்று இயக்குநர் எதிர்பார்க்கிறார்' என்று எழுதினேன். கதவைப் பாடையாக்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் போட்டது: 'பழைய கள், புதிய மொந்தை.'

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆசிரியர், நல்லம்மா கண் மூடிப் படுத்திருக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'செல்லாயியின் கடைசி மூச்சு' என்று அடியில் எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நிலூஷா மாநகர சபைக் கந்தோருக்கு வந்தாள். கையில் அந்தப் பேப்பர். படம் எடுத்தவர்கள் சண்டைக்கு வருவது எனக்குப் புதிதல்ல. பேச விட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். கதிரையைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை.

"சேர், நல்லம்மா அத்த எந்த எடத்துல செத்துச்சு?"

"கடைசியிலதானேம்மா."

"கடைசியிலன்னா? வீட்டுலயா, ஆஸ்பத்திரியிலயா?"

"வீட்டுல," என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று.

"படத்துல அது சாகவே இல்ல சேர்."

அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"காச்சல் சொகமாயி எந்திரிக்கும். அந்தக் கதவ அவுத்துத் தலையில வச்சிக்கிட்டு, அரசாங்கம் வீடு கட்டக் குடுத்த ஏழு பேர்ச் காணிக்கு நடந்து போகும். அதான் முடிவு. நடக்குறது மட்டும் ஒம்பது நிமிசம்." "நீங்க அஞ்சு மணி பஸ்ஸுலதானே சேர் போறீங்க. நானும் அதுலதான் வருவேன். எனக்கு முன்னாடியே வெளங்கியிருக்கணும்."

நான் மறுக்கவில்லை. "வர்ற ஞாயித்துக்கெழம ஒரு திருத்தம் போடச் சொல்றேன்," என்றேன்.

"வியாழக்கெழமயோட படத்த எடுக்குறாங்க சேர். முதலாளி பேப்பரப் பாத்துட்டுச் சொல்லிட்டாரு. பத்தரை ஷோ இல்ல." பேப்பரை என் மேசைமேல் வைத்தாள். "படம் போனாப் போகட்டும். அத்தகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. பாக்காமத்தான் எழுதுனேன்னு சொல்லுங்க."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். நடிக்கக் கேட்டபோது நல்லம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். சாகிற மாதிரி மட்டும் தன்னைக் காட்டக் கூடாது. மகன் கத்தாரில் இருக்கிறான், யாராவது போனில் அனுப்பிவிடுவார்கள், பொய்க்குக்கூட அவன் அதைப் பார்க்கக் கூடாது. நிலூஷா ஒத்துக்கொண்டது போதாது என்று, அவளை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய்ச் சூடம் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் ஏறிச் சொன்ன பொய்யைக்கூட மன்னித்துவிடுவார்கள். சூடம் அடித்துச் சொன்ன பொய்யை மன்னிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்ததிலிருந்து நிலூஷா வீட்டுப் பக்கம் யாரும் வருவதில்லை.

"எங்கம்மா பீலிக்குத் தண்ணிக்குப் போக ஏலாம இருக்கு சேர். போனாப் பேசுறவங்க பேச்ச நிப்பாட்டிர்றாங்களாம்."

அவள் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ படத்தைக் குத்திக் கிழித்திருக்கிறேன். எல்லாம் இந்தியாவில், எங்கேயோ, பணத்தோடு இருப்பவர்கள் எடுத்தவை. நான் எழுதியது அவர்கள் காதுக்கே போயிருக்காது. அதனால் யாருக்கும் வலிக்கும் என்ற நினைப்பே எனக்கு விட்டுப்போயிருந்தது. வெட்கமாக இருந்தது.

அன்று மாலை பஸ்ஸில் ஒரு ஹோல்ட் முன்னாலேயே இறங்கி நல்லம்மாவின் லயத்துக்குப் போனேன். கொழுந்து மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டும் ஈரப் படங்கை வாசல் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். திரையில் பார்த்ததைவிடச் சின்ன உருவம்.

"வாங்கண்ணே. உக்காருங்க. ஏய் மதுஷா, அண்ணனுக்குத் தேத்தண்ணி போடு." மருமகளிடம் சொல்லிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்லண்ணே. நீங்க பாத்தத எழுதுனீங்க."

"இல்ல நல்லம்மா. நான் பாக்கல. கடைசி அரை மணி நேரம் நான் பாக்கவே இல்ல. நானா ஊகிச்சு எழுதிட்டேன்."

சிரித்தாள். "அந்தப் புள்ள வந்து அழுதுச்சாக்கும்?"

"அழல."

"நீங்க நல்ல மனுசன். அதுக்காகப் பழியத் தூக்கித் தலையில வச்சிக்கிறீங்க." சிரிப்பு போய்விட்டது. "காச்சல்ல படுக்க வச்சி எடுத்தாங்கண்ணே. கண்ண மூடுங்க அத்தன்னு சொல்லுச்சு, மூடுனேன். இப்பத்தானே வெளங்குது எதுக்குன்னு. எம்மவன் ராவெல்லாம் போன்ல அழுறான். பேப்பரப் போட்டோ புடிச்சி எவனோ அனுப்பியிருக்கான்."

"அப்ப கதவத் தூக்கிட்டு நடந்தீங்களே?"

"அத வெட்டியிருப்பாங்கண்ணே. சினிமாவுல அப்புடித்தான், எடுக்குறது ஒண்ணு, காட்டுறது ஒண்ணுன்னு லயத்துல சொல்றாங்க."

"நீங்க போய்ப் பாக்கலயா?"

"பாக்காமயா? மொத ஞாயித்துக்கெழம லயமே போச்சு. நாலே முக்காலுக்கு எந்திரிச்சி வந்துட்டோம். பஸ் போயிருமே." இதை ஏன் கேட்கிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "எந்தப் படத்துக்குப் போனாலும் அப்புடித்தான். மிச்சத்த நீங்க எழுதுவீங்க, மதுஷா வாசிப்பா. கெழக்கு லயத்துலருந்துகூட வந்து கேப்பாங்க. எங்களுக்கு முடிவெல்லாம் ஒங்க பேப்பர்லதாண்ணே."

"நானும் ஒங்க கூடத்தானே அந்த பஸ்ஸுல வர்றேன்?"

"தெரியுமே. பேப்பர்காரவுங்களுக்கு முன்னாடியே தனியாப் போட்டுக் காட்டுவாங்கல்ல? அதுனால சும்மா பேருக்கு வந்து ஒக்காந்துட்டுப் போறீங்கன்னு நெனச்சோம்."

தேத்தண்ணி வந்தது. வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். ஆசிரியரிடம் நான் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் இந்த வாசலில் கிடைத்தது. நான் யாரை ஏமாற்றுகிறேன் என்றே தெரியாமல் இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறேன். படிக்கிறவர்கள் எல்லாம் படம் பார்த்தவர்கள், என் புளுகை ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இருக்கவில்லை. நான் சொன்னதுதான் படம்.

எனக்கு யாரும் தனியாகப் போட்டுக் காட்டியதில்லை என்று சொன்னேன். திவாகரனைப் பற்றிச் சொன்னேன். நல்லம்மா நம்புகிற மாதிரித் தெரியவில்லை. மதுஷா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"வியாழக்கெழம கடைசி ஷோ," என்றேன். "என்னோட வாங்க. முடியிற வரைக்கும் இருப்போம்."

"ஒரு நாள் பேரு போயிரும், சம்பளம் இல்ல. பஸ்ஸு?"

"பஸ் போகட்டும். திரும்பக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு."

"வர்றேன்," என்றாள். "ஆனா நான் செத்துக் கெடந்தேன்னு வைங்க, அப்புறம் அந்தப் புள்ள என் மொகத்துல முழிக்கக் கூடாது. நீங்களே அதுகிட்டச் சொல்லிருங்க."

வியாழக்கிழமை அரை நாள் லீவு எடுத்தேன். நல்லம்மா பதினொரு மணிக்கே வந்து கந்தோர் வாசலில் குடையோடு நின்றாள். தியேட்டர் வாசலில் நிலூஷா நின்றாள். நல்லம்மா அவளைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

முப்பது பேர் இருந்திருப்பார்கள். கடைசி நாள் என்று வந்தவர்கள், ஏறக்குறைய எல்லாருமே மடுல்கெல்லப் பக்கத்து ஆட்கள். நல்லம்மாவைக் கண்டதும் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். செத்துப்போனதாகப் பேப்பரில் வந்தவளுக்குப் பக்கத்தில் உட்காரத் தயக்கம்போல. படம் தொடங்கியது. போன தடவை நான் பார்க்காத எவ்வளவோ இருந்தது. கம்பளைக் கடையில் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, பிறகு காதை வைத்துக் கேட்கிறாள் செல்லாயி. அந்த இடத்தில் நான் அன்றைக்குப் பெட்டிக்கான வரியை யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். ஒலி மோசம்தான். பாட்டு தேவையில்லைதான். ஆனாலும் இதைப் பழைய கள் என்று சொன்னவன் வாயை எதைக் கொண்டு கழுவுவது என்று தெரியவில்லை.

செல்லாயி காய்ச்சலில் படுத்தாள். மகன் வந்து உட்கார்ந்தான். அவள் கண்ணை மூடினாள். எனக்குப் பக்கத்தில் நல்லம்மா மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

நாலே முக்கால். முன் வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு நாலைந்து பேர். பிறகு கதிரைகள் மடங்கும் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடி வெளியே போனார்கள். நானும் எழுந்து நின்றேன். வேண்டுமென்று எழவில்லை, கால் பழக்கம்.

நல்லம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போறீங்க? ஒக்காருங்கண்ணே."

உட்கார்ந்தேன்.

திரையில் காய்ச்சல் இரவு வெகுநேரம் நீண்டு, பிறகு விடிந்தது. செல்லாயி கண்ணைத் திறந்தாள். மகன் கதிரையிலேயே தூங்கியிருந்தான். அவள் அவனை எழுப்பவில்லை. கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள், கதவைச் சாய்த்தாள், குனிந்து தலையில் ஏற்றினாள். இரண்டு தடவை முடியவில்லை. மூன்றாம் தடவை ஏற்றிக்கொண்டு நடந்தாள். லயத்தைத் தாண்டி, கொழுந்து நிறுக்கிற இடத்தைத் தாண்டி, ஆலையைத் தாண்டி. வழியில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு இல்லை, வசனம் இல்லை, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். புல் மண்டிய ஒரு சரிவில், எல்லைக்கல் நட்டிருந்த இடத்தில் கதவை இறக்கி, இரண்டு கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். சுவர் இல்லை, கூரை இல்லை. கதவைத் திறந்தாள். உள்ளே போனாள். சாத்திக்கொண்டாள்.

விளக்குப் போட்டார்கள். ஹாலில் நாங்கள் இருவர், ஒரு இளஞ்சோடி, துடைப்பத்தோடு ஒரு தொழிலாளி. நிலூஷா பின்கதவோரம் நின்றாள், கிட்ட வரவில்லை.

நல்லம்மா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "இம்புட்டுத் தூரமா நடந்தேன்?" என்றாள். பிறகு திரும்பினாள். "இங்க வா புள்ள."

நிலூஷா வந்தாள். நல்லம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "லயத்துல நான் பேசிக்கிறேன். ஒங்கம்மாவோட நானே பீலிக்குப் போறேன். யாரு என்ன சொல்றான்னு பாக்குறேன்," என்றாள். நிலூஷா அப்போதுதான் அழுதாள். பேப்பரில் எழுதியவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைக் காட்டி நிலூஷா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

நான் எழுந்து ஸிபானின் அறைக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், ஒரே ஒரு பத்தரைக் காட்சி, அந்த ஆட்கள் முடிவைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டேன். நான் இதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை.

"என்ன செய்ற அண்ணன், நாளைக்குப் புதுப் படம் வந்து ஈக்கி," என்றார். "பேய்ப் படம், நாலு ஷோவும் அதுக்குத்தான் எழுதிக் குடுத்து ஈக்கி. நான் ஒண்டும் அந்தப் புள்ளைக்கு விரோதம் இல்ல. ஒங்கட பேப்பரைப் பார்த்துத்தானே நான் முடிவெடுத்த."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வெளியே வந்தேன். சுவரில் ஒரு பையன் பேய்ப் பட போஸ்டர் ஒட்ட, செல்லாயியின்மேல் பசை தடவிக்கொண்டிருந்தான். நல்லம்மாவும் நிலூஷாவும் படியில் நின்றார்கள். ஐந்து மணி பஸ் போய்விட்டது. வத்தேகம பஸ் பிடிக்கக் கீழே நடந்தோம்.

"ஞாயித்துக்கெழம எழுதுறேன் நல்லம்மா," என்றேன். "நீங்க சாகலன்னு எழுதுறேன். கதவத் தூக்கிட்டு நடந்ததெல்லாம் ஒண்ணு விடாம எழுதுறேன். மதுஷா வாசிக்கட்டும். நான் பாக்காம எழுதுனவன்னும் எழுதுறேன். அதோட பத்தி போனாலும் போகட்டும்."

"எழுதுங்க," என்றாள். நடந்து களைத்திருந்தாள், ஆனால் குரலில் கோபம் இல்லை.

"அன்னைக்கி நீங்க எழுதுனத வாசிச்சப்ப லயமே ஒக்காந்து அழுதுச்சுண்ணே. நானுந்தான் அழுதேன். எல்லாரும் அழுது முடிச்சிட்டாங்க. இனிமே நான் கதவத் தூக்கிட்டு நடந்ததுக்கு யாரு அழப்போறா?"